புது டார்க்வேவ் இசையைத் தேடிப் பிடிப்பது எப்படி: வேலூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

உலகம் முழுவதும் புது இசைத்தொகுப்புகள் வெள்ளிக்கிழமைகளில் வெளியாகின்றன. முன்பு இங்கிலாந்தில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று நாட்டுக்கு நாடு மாறிக் கிடந்த வழக்கத்தை 2015 ஜூலை 10 முதல் இசைத்தட்டுத் தொழில் ஒரே நாளுக்குக் கொண்டுவந்தது. சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கு வெள்ளிக்கிழமை என்றால் வாசல் தெளித்துக் கோலம், சாயங்காலம் சாம்பிராணிப் புகை, அம்மன் கோயில் ஒலிபெருக்கி. அதே நாளில், ஏதென்சிலோ டொராண்டோவிலோ யாரோ இருவர் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவி ஒன்றையும், தானாகத் தாளம் போடும் ஒரு டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு அடைத்த அறைக்குள் செய்த இசை, ராணிப்பேட்டைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் என் காதுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

நான் இசைக்கலைஞன் இல்லை. தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். டார்க்வேவ், கோல்டுவேவ், சிந்தசைசர் மேலோங்கிய போஸ்ட்-பங்க் என்று பல பெயர்களில் வரும், இருளும் சோகமும் தோய்ந்த இந்த இசையைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகிறேன். இந்தக் காலத்தில் என்னிடம் படிந்த பழக்கங்களைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கருத்து ஒன்றே: செயலியின் பரிந்துரையை நம்பியிருக்காமல், இசையை வெளியிடும் லேபிள்களைப் பின்தொடருங்கள்.

முதல் படி: பெயர்களைப் பிரித்தறிதல்

1970களின் இறுதியில் இங்கிலாந்தில் பங்க் என்ற சீற்றமான ராக் இசையின் அலை ஓயத் தொடங்கியபோது, அதன் எளிமையை வைத்துக்கொண்டு அதன் கோபத்தை உள்முகமாகத் திருப்பிய குழுக்களின் இசைக்குப் போஸ்ட்-பங்க் என்று பெயர் வந்தது. மான்செஸ்டரின் ஜாய் டிவிஷன் 1979-ல் ஃபேக்டரி நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட முதல் தொகுப்பு இதற்கு நல்ல சான்று. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் டிரம்மின் ஒவ்வொரு அடியும் ஆளில்லாத கிடங்கில் விழுவதுபோல் கேட்கும்படி அதைப் பதிவு செய்தார். குழுவின் பீட்டர் ஹுக், தாளத்துக்குத் துணை நிற்க வேண்டிய பேஸ் கிதாரை மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோய் அதில் மெட்டையே வாசித்தார். இன்றுவரை இந்த வகையில் வரும் புதுத் தொகுப்புகளில் பாதிக்கு மேல் அந்த வாசிப்பின் நிழலில்தான் நிற்கின்றன.

அதே காலத்தில் விலை குறைந்த சிந்தசைசர்களும் டிரம் மெஷின்களும் கடைகளுக்கு வந்தன. 1978-ல் வந்த கோர்க் எம்.எஸ்-20, 1982-ல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 போன்ற கருவிகளின் ஒலி இன்றும் இந்த இசையில் அடையாளம் தெரியும்படி கேட்கிறது. லீட்ஸ் நகரத்துச் சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழு தன் டிரம் மெஷினுக்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயர் வைத்து அதைக் குழுவின் உறுப்பினராகவே நடத்தியது. பிரான்சில் இதையொத்த இசை கோல்டுவேவ் எனப்பட்டது; டிரிசோமி 21 போன்ற குழுக்கள் அங்கிருந்து வந்தவை. நெதர்லாந்தின் கிளான் ஆஃப் சைமாக்ஸ் 1985-ல் 4ஏ.டி நிறுவனத்தில் முதல் தொகுப்பை வெளியிட்டபோது கிதாரும் சிந்தசைசரும் சரிபாதியாகக் கலந்துவிட்டன. ஐரோப்பாவில் டார்க்வேவ் என்ற சொல் பரவியது அந்தப் பத்தாண்டில்தான்.

நம் காதுக்கு இது முற்றிலும் அந்நியமான ஒலி என்று நினைக்க வேண்டியதில்லை. இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை அமையும் இயற்கை மைனர் அளவின் சுரங்கள் நம் நடபைரவியின் சுரங்களேதான். ஒரு சின்னச் சுர வரிசையைக் கருவியிடம் கொடுத்துவிட்டு அதையே திரும்பத் திரும்ப ஓட விடும் சீக்வென்சர் முறையும் தமிழ்க் காதுக்குப் புதிதில்லை. 1986-ல் புன்னகை மன்னன் படத்துக்காக இளையராஜா அதைப் பயன்படுத்தியபோது கம்ப்யூட்டர் இசை என்று ஊரே பேசியது. அந்தப் படத்தின் கருப்பொருள் இசை உங்களுக்குப் பிடிக்குமென்றால் இந்த வகைக்குள் நுழைய உங்களுக்குப் பாதி வழி ஏற்கெனவே தெரியும்.

இரண்டாம் படி: பழைய அடித்தளத்தில் காதைப் பழக்குதல்

புதியது தேடப் புறப்படும் முன் இரண்டு வாரங்களைப் பழையவற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு எல்லாப் புதுக் குழுவும் மேதைகளாகத் தெரிவார்கள். ஆறு மாதம் கழித்து எல்லாம் ஒன்றுபோலக் கேட்டு அலுத்துவிடும். ஜாய் டிவிஷனின் 1980 தொகுப்பு, தி க்யூர் குழுவின் 1982 தொகுப்பு, மேலே சொன்ன கிளான் ஆஃப் சைமாக்ஸ், சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சியின் 1985 தொகுப்பு, டெப்பேஷ் மோட் குழுவின் 1986 தொகுப்பு ஆகிய ஐந்தும் போதும். நாள் கணக்கு வைத்து முடிக்க வேண்டிய பாடத்திட்டம் போல இதை எடுத்துக்கொள்ளாமல், பிடித்ததில் தங்கிவிடுங்கள்.

ஒரே ஒரு பாடலை மட்டும் நெருங்கிக் கேட்கச் சொல்வேன். பவுஹவுஸ் குழு 1979-ல் வெளியிட்ட முதல் பாடல் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும். தொடக்கத்தில் டிரம்மின் விளிம்பில் தட்டும் ஒலி மட்டும் வருகிறது. அது எதிரொலித்து, எதிரொலி அடுத்த தட்டின் மேல் விழுந்து, ஒரு தட்டு நாலாகக் கேட்கிறது. பிறகு பேஸ் கிதார் மெல்லப் படி இறங்குவதுபோல் மூன்றே சுரங்களில் இறங்கிவிட்டு மறுபடி மேலேறி நிற்கிறது. அதற்கும் பின்னால் கிதார், மெட்டாக இல்லாமல் கதவு கீச்சிடுவதுபோல் வந்து போகிறது. பாடகரின் குரல் வரவே ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகிறது. அந்த மூன்று நிமிடமும் பொறுமையாக உட்கார முடிந்தால் இந்த இசை உங்களுடையது. முடியாவிட்டால் குறைவொன்றும் இல்லை; நடனத்துக்கு நெருக்கமான சிந்த்-பாப் பக்கம் போய்விடலாம், அங்கேயும் நல்லவை நிறைய இருக்கின்றன.

பழையவற்றோடு இன்றைய அலையைத் தொடங்கிவைத்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துருக்கியின் பூர்சா நகரத்து ஷீ பாஸ்ட் அவே 2012-ல் வெளியிட்ட முதல் தொகுப்பு, பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கிலிருந்து மோல்சாத் தோமா 2018-ல் வெளியிட்ட எதாழி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து இருவர் குழுவான பாய் ஹார்ஷர் 2019-ல் வெளியிட்ட கேர்ஃபுல் ஆகியவை அவை. இவற்றில் மூன்றாவதில் கிதாரே இல்லை என்று சொல்லிவிடலாம். குடியாத்தத்தில் விசைத்தறி ஓடும் தெருவில் நடந்து பழகியவர்களுக்கு அந்த டிரம் மெஷின் உடனே பிடிபடும். அதே மாறாத அடி, அதன் மேல் ஒரு பெண் குரல் பாதி மூச்சாகவே வருகிறது.

மூன்றாம் படி: லேபிள் பட்டியல்

இந்த வழிகாட்டியில் பயன் அதிகம் தரும் படி இதுதான். பெரிய நிறுவனங்களின் லேபிள் எதையும் வெளியிடும். அதைத் தொடர்வதில் பொருள் இல்லை. சின்ன லேபிள் அப்படியில்லை, அதை நடத்துவது பெரும்பாலும் ஒருவரோ இருவரோ. அவர்களுடைய காதுதான் லேபிளின் தரம். ஆரணியில் பட்டு எடுக்கப் போகிறவர்கள் கடைப் பெயரைப் பார்க்காமல் எந்தத் தறிக்காரர் நெய்தது என்று கேட்பதுபோல்தான் இதுவும்.

லாஸ் ஏஞ்சலிஸின் டெயிஸ் லேபிள் டிராப் மெஜெஸ்டி, டொராண்டோவில் தொடங்கிய டிரஸ்ட் ஆகியோரின் இசையை வெளியிடுகிறது. சிந்தசைசரின் மினுமினுப்பும் இருளும் சேர்ந்த இசைக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம். நியூயார்க்கின் புரூக்ளினில் 2007-ல் தொடங்கிய சேக்ரட் போன்ஸ் மோல்சாத் தோமாவை உலகத்துக்குக் கொண்டுபோனது. ஆனால் அது வேறு வகை இசையையும் வெளியிடுவதால் பாதியைத் தள்ளிவிட வேண்டியிருக்கும். ஏதென்ஸின் ஃபாப்ரிகா லேபிளைச் செலோஃபான் என்ற இருவர் குழுவினரே நடத்துகிறார்கள். ஷீ பாஸ்ட் அவே, லெபனான் ஹனோவர் குழுக்களின் இசை அந்த லேபிளில் வந்ததுதான். என் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே ஏமாற்றம் குறைவாகத் தந்தது அதுதான். டொராண்டோவின் ஆர்ட்டோஃபாக்ட், ஜெர்மனியின் கோல்டு டிரான்ஸ்மிஷன், பிலடெல்பியாவின் மெட்ரோபோலிஸ், இத்தாலியின் அவான்ட் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பெர்லினின் மேனிக்வின், நியூயார்க்கில் வெரோனிகா வாசிக்கா நடத்தும் மினிமல் வேவ் இரண்டும் 1980களில் மறைந்துபோன ஒலிநாடாக்களைத் தேடியெடுத்து மறுவெளியீடு செய்வதில் பெயர் பெற்றவை.

இந்தக் கடைசிச் செய்தியில் புதியவர்கள் விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. மறுவெளியீட்டுக்கும் செயலியில் புதுத் தேதிதான் காட்டும். இந்த ஆண்டின் புதுமுகம் என்று நான் ஒருமுறை நண்பர்களிடம் பெருமையாகச் சொன்ன குழு நான் பிறப்பதற்கு முன்பே கலைந்துபோயிருந்தது. தொகுப்பின் பக்கத்தில் அடியில், வட்டத்துக்குள் எழுத்து போட்டு அருகில் எழுதியிருக்கும் உரிமை ஆண்டைப் பாருங்கள். லேபிள் எழுதியிருக்கும் குறிப்பையும் படியுங்கள். இன்னொரு பள்ளம், ஒரே பெயரில் இரண்டு குழுக்கள் இருப்பது. கேட்டுக்கொண்டிருக்கும் கலைஞரின் பக்கத்தில் திடீரென்று பக்திப் பாட்டோ ராப் பாட்டோ வந்து நின்றால் செயலி இருவரையும் ஒன்றாக்கிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

நான்காம் படி: வெள்ளிக்கிழமை நோட்டு

ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதில் வெள்ளிதோறும் உங்களுக்கென்று ஒரு புதுவரவுப் பட்டியல் வரும். அதைக் கேட்கலாம், ஆனால் அது நீங்கள் ஏற்கெனவே கேட்டதைப் பார்த்து அதற்குப் பக்கத்தில் இருப்பதையே கொடுக்கும். மோல்சாத் தோமாவைக் கேட்டால் மோல்சாத் தோமா போல் ஒலிக்கும் முப்பது குழுக்கள் வரிசையில் நிற்கும். அவற்றில் அசலைவிட நன்றாக இருப்பது ஒன்று வந்தால் அதிகம்.

ஆகவே தேடலின் மையமாக, கலைஞர்களும் லேபிள்களும் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தை வைத்துக்கொள்ளச் சொல்வேன். அங்கே கணக்கு தொடங்கி, மேலே சொன்ன லேபிள்களைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மின்னஞ்சல் வரும். டார்க்வேவ், கோல்டுவேவ், மினிமல் வேவ், போஸ்ட்-பங்க் என்ற குறிச்சொற்களின் பக்கங்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம். லேபிளே இல்லாமல், படுக்கையறையில் தனியாகச் செய்து பதிவேற்றியவர்களைக் கண்டுபிடிக்க இந்த வழிதான் உண்டு. அந்தப் பக்கத்தில் அட்டைப்படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கறுப்பு வெள்ளையில் இடிந்த கட்டடம், அல்லது ஊதா விளக்கில் பாதி முகம் என்ற இரண்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

என் முறை இது. வெள்ளி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் மட்டும் ஒதுக்குகிறேன். ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டாவது, ஐந்தாவது பாடல்களில் ஒவ்வொரு நிமிடம் கேட்கிறேன். முதல் பாடலைத் தொடுவதில்லை. எல்லோரும் தங்களிடம் இருப்பதில் நல்லதைத்தான் முன்னால் வைப்பார்கள், கடையில் தக்காளிக் கூடையின் மேல்வரிசை போல. பிடித்தவற்றைத் தளத்திலேயே விருப்பப் பட்டியலில் போட்டுவிட்டு, நாற்பது பக்க நோட்டில் ஒரு வரி எழுதுகிறேன். தேதி, குழு, ஊர், லேபிள், பேஸ் கிதாரா சிந்தசைசர் பேஸா, குரலின் மொழி, கேட்ட தடவை என்று ஏழு கட்டம் போட்டிருக்கிறேன். வாரத்துக்கு ஐந்து வரிக்கு மேல் எழுதக் கூடாது என்பது எனக்கு நானே வைத்த கட்டுப்பாடு. இருபது எழுதிய காலத்தில் ஒன்றையும் முழுதாகக் கேட்கவில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1992 முதல் நடந்துவரும் வேவ்-கோதிக்-டிரெஃபன் விழாவையும் கவனியுங்கள். பெந்தெகொஸ்தே வார இறுதியில் நடக்கும் அந்த விழாவுக்கு நாம் போகப்போவதில்லை. என்றாலும் அங்கே வாசிக்கவிருப்பவர்களின் பட்டியல் பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும். அதில் சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களைத் தேடிக் கேட்டாலே கோடை முழுவதும் ஓடிவிடும்.

ஐந்தாம் படி: கேட்கும் முறை

கைபேசியின் ஒலிபெருக்கியில் இந்த இசையைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பேஸ் கிதாரின் கீழ்த் தந்தி தரும் சுரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அதை எழுப்பவே முடியாது. பாட்டின் முதுகெலும்பையே எடுத்துவிட்டுக் கேட்டால் மிச்சம் இருப்பது கீச்சொலியும் ஒரு சோகக் குரலும்தான். ஆயிரம் ரூபாய் விலையில் கிடைக்கும் சாதாரணக் கம்பி இயர்போன் போதும். காதை மூடும் பெரிய ஹெட்போன் நல்லதுதான், ஆனால் சித்திரை வைகாசியில் வேலூரில் அதை அரை மணிக்கு மேல் போட்டிருப்பவர்களுக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

இந்த ஊரில் இன்னொரு இடையூறு மின்விசிறி. ஐந்தாம் எண்ணில் சுழலும் விசிறியின் இரைச்சல், பாடல் ஓய்ந்தபின் மெல்லக் கரையும் எதிரொலியை அப்படியே விழுங்கிவிடும். ஒரு கோடை இரவில் தொகுப்பு பாதி ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. விசிறி நின்றது, குளிர்பெட்டியின் முனகல் நின்றது. சிந்தசைசர் சுரம் ஒன்று முடிந்தபின் நாலைந்து விநாடி அறைக்குள் தொங்கிக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதே தொகுப்பை அதற்கு முன் மூன்று முறை கேட்டிருந்தேன்.

எதையும் மூன்று முறை கேட்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை நடந்துகொண்டே கேளுங்கள். காலையில் கோட்டை அகழியை ஒட்டி நடப்பவர்களோடு நடந்தால் கால் தாளத்தில் விழுகிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாம் முறை இருட்டில் உட்கார்ந்து, பேஸ் வரியை மட்டும் பின்தொடருங்கள். டிரம்மையும் குரலையும் மனத்தால் ஒதுக்கிவிட்டு, பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது, எங்கே நகர மறுக்கிறது என்று பாருங்கள். போலிக் குழுக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் பளபளவென்று இருக்கும், பேஸ் மட்டும் அடுத்தவர் பாட்டிலிருந்து வந்திருக்கும். மூன்றாம் முறை ஒரு வாரம் கழித்து. அந்த வாரத்தில் குளிக்கும்போதோ பேருந்துக்கு நிற்கும்போதோ ஒரு வரியாவது தானாக வாயில் வந்ததா என்பதே எனக்குக் கடைசிச் சோதனை.

ஆறாம் படி: மொழி

இந்த வகையில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஷீ பாஸ்ட் அவே துருக்கி மொழியில் பாடுகிறார்கள், மோல்சாத் தோமா ரஷ்ய மொழியில், ரெய்க்யாவிக்கின் கைலன் மிக்லா ஐஸ்லாந்து மொழியில். லண்டன்காரருக்கும் நமக்கும் இவை சம அளவில் புரியாது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் இந்த இசையிலிருந்து ஒதுங்கி நிற்க எந்தக் காரணமும் இல்லை.

இருந்தாலும் பிடித்த பாடலின் மொழிபெயர்ப்பை ஒருமுறையாவது படித்துவிடுங்கள். மோல்சாத் தோமாவின் எதாழி தொகுப்பிலிருந்து 2020-ல் டிக்டாக் வழியாக உலகெங்கும் பரவிய பாடலைப் பலர் வெறும் மனநிலைப் பின்னணியாகவே கேட்டார்கள். அதன் வரிகள் 2001-ல் 26 வயதில் இறந்த ரஷ்யக் கவிஞர் போரிஸ் ரீழியின் கவிதை. அதில் வருவது ஒரு நோயாளியின் படுக்கையும் எனாமல் பூசிய பெட்பேனும். நோயாளியோடு உடன்வந்தவர்கள் லாட்ஜ் வாசலில் உட்கார்ந்திருக்கும் காட்சியைத் தினமும் பார்க்கும் இந்த ஊர்க்காரனுக்கு, பொருள் தெரிந்த பிறகு அந்தத் துள்ளலான பேஸ் வரி வேறு மாதிரி கேட்டது.

ஏழாம் படி: வாங்குதல்

சின்ன லேபிள்கள் செயலிகளில் ஓடும் இசைக்குக் கிடைக்கும் சில்லறைக் காசில் பிழைப்பதில்லை, வாங்குகிறவர்களால்தான் பிழைக்கின்றன. மாதம் ஒன்று வாங்கினால் போதும். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும், இசைத்தட்டு முதலான பொருள்களில் 10 விழுக்காடும் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச் 20 அன்று கொரோனாக் காலத்தில் முதன்முறையாகத் தன் பங்கை விட்டுக்கொடுத்து நடத்திய பேண்ட்கேம்ப் வெள்ளி, அதன்பின் ஆண்டில் சில முறை வருகிறது. அந்த நாள் அமெரிக்காவின் பசிபிக் கரை நேரப்படி நள்ளிரவில் தொடங்குகிறது. நம் கணக்கில் அது வெள்ளிக்கிழமை பகல் 12.30, அங்கே குளிர்கால நேரம் நடக்கும்போது 1.30. மறுநாள் அதே நேரம் வரை வாங்கலாம் என்பதால் சனிக்கிழமை காலை காபியோடு வாங்குவது என் வழக்கம்.

பணம் கட்டும்போதுதான் முதல் முறை பெரும்பாலோருக்குச் சிக்கும். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருப்பதில்லை. வங்கிச் செயலியில் போய் நாமே திறந்து, உச்சவரம்பையும் வைக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் என்று வரம்பு வைத்து, வாங்கியதும் மூடிவிடுவது பாதுகாப்பு. அட்டையைப் பொறுத்து அந்நியச் செலாவணிக் கட்டணம் தனியாகச் சேரும். எனக்கு முதல் முறை பணம் கணக்கில் கழிந்துவிட்டது, தளத்திலோ கட்டணம் தவறியது என்று வந்தது. வங்கிக் கிளையில் போய்ச் சொன்னபோது, எந்த ஊர்க் கடை என்று கேட்டார்கள். ஏதென்ஸ் என்று சொல்லிவிட்டு, அங்கே என்ன வாங்கினேன் என்று விளக்க எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. பணம் ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தது.

வாங்கியதை எந்த வடிவிலும் இறக்கிக்கொள்ளலாம். நாற்பது நிமிடத் தொகுப்பு 320 கே.பி.பி.எஸ் எம்பி3-யில் நூறு எம்.பி.க்குச் சற்றுக் குறைவு. ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவில் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. ஃபிளாக்கைக் கணினியில் சேமித்துக்கொண்டு கைபேசிக்கு எம்பி3 வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் இரண்டுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வினைல் இசைத்தட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் தட்டின் விலையை எட்டிவிடும். அதை மனத்தில் வைத்தே முடிவெடுங்கள். அதைவிட முக்கியம் நம் வெயில். வேலூரில் மே மாதம் 40 பாகையைத் தாண்டும். ஒருமுறை நான் வேலைக்குப் போயிருந்தபோது ஒரு கூரியர்காரர் பார்சலைக் கேட்டுக்கு உள்ளே சிமெண்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாலையில் பிரித்தபோது தட்டு அப்பளம் பொரியத் தொடங்கியதுபோல் ஓரம் எழும்பியிருந்தது. முள்ளை வைத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை குரல் முங்கி எழும்பியது. அதன்பின் பங்குனி முதல் ஆனி வரை தட்டு வரவழைப்பதை விட்டுவிட்டேன். வீட்டில் இருப்பவற்றை மேற்குச் சுவரிலிருந்து தள்ளி, நெட்டாக, புத்தகம் போல் நிற்க வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் வெயில் செய்வதைப் பாரமே செய்துவிடும்.

எட்டாம் படி: களையெடுப்பு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டை முழுதாகப் படியுங்கள். ஒரு வரி கூட எழுத வைக்காத லேபிளின் மின்னஞ்சலை நிறுத்திவிடுங்கள். மூன்று வரி எழுத வைத்த லேபிளின் பழைய வெளியீடுகளைத் தோண்டுங்கள். மூன்றாம் முறை கேட்காமல் விட்டவை எவை என்று பாருங்கள்.

என் நோட்டின் 2024-ஆம் ஆண்டுப் பக்கங்களைப் பார்க்கிறேன். டெக்சாஸ் மாநிலத்து டுவின் ட்ரைப்ஸ் வெளியிட்ட பெண்டுலம், மூன்று முறையும் குறிக்கப்பட்டிருக்கிறது. மோல்சாத் தோமா லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த பின் செப்டம்பரில் வெளியிட்ட பெலாயா பொலோசா, முதல் முறைக்குப் பின் அடிக்கப்பட்டு, நவம்பரில் பச்சை மையில் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. மெருகு கூடிப்போயிற்று என்று முதலில் எரிச்சல்பட்டிருக்கிறேன், பிறகு அந்த மெருகுக்குள் பழைய குளிர் அப்படியே இருப்பது பிடிபட்டிருக்கிறது. நவம்பர் 1 அன்று, வெள்ளிக்கிழமை, தி க்யூர் 16 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியிட்ட தொகுப்பு. தீபாவளிக்கு மறுநாள், தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம். முதல் பாடலில் ராபர்ட் ஸ்மித்தின் குரல் வருவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வரிக்கு எதிரே கேட்ட தடவை என்ற கட்டத்தில் கோடுகள் இடம் போதாமல் அடுத்த கட்டத்துக்குள் போயிருக்கின்றன.